மணியோசையும் கேட்க வேண்டும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி விடியல் எப்படி இருக்கும் என்பதை இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். நான்கரை மணிக்குத் தெருவிளக்கின் கீழ்ப் பனி புகைபோல நிற்கும். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இன்னும் புறப்பட்டிருக்க மாட்டா. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் மட்டும் தூரத்து ஆறுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். சந்திரசூடேசுவரர் மலை இருட்டோடு இருட்டாக இருக்கும். அந்த வேளையில் எழுந்து நீராடி, விளக்கேற்றி, நல்ல குரலில் ஒரு பாட்டுக் கேட்பது எனக்கு வங்கியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழக்கம்.

முன்பெல்லாம் வீடு முழுவதும் கேட்கும்படி டேப் ரிக்கார்டரைத் திருகி வைப்போம். சுப்ரபாதத்தில்தான் குழந்தைகள் கண்விழிப்பார்கள். இன்று அது நடவாது. மகனுக்கு ஆலையில் ஷிப்டு வேலை. மருமகள் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே இரவில் கணினிப் பணி செய்துவிட்டு, மூன்று மணிக்குத்தான் படுக்கிறாள். உறங்குகிறவர்களை எழுப்பி எனக்குப் பக்தி வளர வேண்டுமா? சிறிய ஸ்பீக்கர் ஒன்றை மிக மெல்ல வைத்துப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய என் காதுக்கு அந்த அளவில் ராகம் கேட்டது; சொல் கேட்கவில்லை. வயது ஏறும்போது முதலில் மங்குவது உச்ச ஒலிகள். 'ச', 'த', 'க' போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பாடலில் சொல் போய்விட்டால் பாசுரம் எது, ஆலாபனை எது?

இதைக் கண்டு மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹெட்போன் வாங்கித் தந்தான். வயர் இல்லாதது, வெளியோசையைத் தானே அழித்துவிடக்கூடியது. மாட்டிக்கொண்டால் உலகமே நின்றுபோகும். பாடகர் என் நெற்றிக்குள் உட்கார்ந்து பாடுவார். 'ஏகாந்த சேவை கிடைத்துவிட்டது' என்று நண்பர்களிடம் பெருமை பேசினேன்.

அந்த ஏகாந்தம்தான் சென்ற மார்கழியில் என்னைத் தலைகுனிய வைத்தது.

என் மனைவிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலக் கையும் காலும் தளர்ந்தன. பேச்சும் பாதி போயிற்று. சொல்ல நினைப்பது மனத்தில் முழுதாக இருக்கும். வாய்க்கு வருவதற்குள் உடைந்துவிடும். கூப்பிடுவதற்காக அவள் கட்டிலருகே ஒரு வெண்கலக் கைமணி வைத்திருக்கிறோம். முதலில் பூஜை மணியைத்தான் கொடுத்தேன். 'சாமி... மணி' என்று தலையசைத்து மறுத்துவிட்டாள். பிறகு கோயில் வாசல் கடையில் தனியாக ஒன்று வாங்கினேன். ஒரு முறை அடித்தால் தண்ணீர். இரு முறை அடித்தால் எழுந்து போக வேண்டும் என்று பொருள்.

மார்கழி மாதத்தில் திருமலையிலேயே சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான். எங்கள் வீட்டிலும் அப்படியே. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இசையமைத்த முப்பது பாசுரங்களை எம்.எல். வசந்தகுமாரி அம்மையார் பாடியிருப்பதை நாளொன்றாகக் கேட்பதில்லை, தொடர்ந்து கேட்பேன். அன்றும் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலிக்கு எட்டடித் தூரத்தில் அவள் கட்டில். இரு முறை மணி அடித்திருக்கிறாள். மறுபடியும் இரு முறை அடித்திருக்கிறாள். நான் அசையவில்லை. தானே எழுந்து இரண்டடி வைத்து, சுவரைப் பிடிக்கப் போய் விழுந்துவிட்டாள். தரையின் அதிர்வு என் பாதத்துக்குத் தெரிந்தது, ஓசை தெரியவில்லை.

எலும்பு முறியவில்லை, அது பெருமாள் செய்த கருணை. இடுப்பிலும் முழங்கையிலும் இரத்தக்கட்டு. பத்து நாள் படுக்கை. அவள் என்னைக் கோபிக்கவில்லை. 'மணி... அடிச்சேன்' என்று மட்டும் சொன்னாள். மகனிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

திருப்பாவையைச் சேவித்தவர்களுக்குத் தெரியும்: ஆறாம் பாசுரத்திலிருந்து பதினைந்து வரை ஆண்டாளும் தோழியரும் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள், உள்ளே இருப்பவள் எழுந்திருப்பதில்லை. ஒன்பதாம் பாசுரத்தில் உறங்குகிறவளின் தாயை அழைத்து, உன் மகளுக்கு வாய் பேச வராதா, காதுதான் கேளாதா என்றே கேட்டுவிடுகிறார்கள். அன்று காலை எந்தப் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது என்பது நினைவில்லை. ஆனால் சில நாள் கழித்து இந்த இடம் வந்தபோது என்னால் மேலே கேட்க முடியவில்லை. எத்தனை உபன்யாசங்களில் எத்தனை உட்பொருள் கேட்டிருக்கிறேன்! வெளிப்பொருளே போதுமானதாக இருந்தது.

இனிப் பாட்டே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகன், 'அப்பா, அதிலேயே வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்' என்றான். உண்மைதான். அதில் உள்ள சிறு மைக் வெளியோசையை வாங்கி உள்ளே தரும். ஆனால் நாள்தோறும் அழுத்த நினைவிருக்க வேண்டும். சார்ஜ் இருக்க வேண்டும். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிறவன் நான். அவள் பாதுகாப்பை என் ஞாபகசக்தியின் மேல் ஏற்றக் கூடாது என்று தோன்றியது. வங்கியில் நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம்: பெட்டகத்துக்குத் தனியொருவரின் நேர்மையையோ நினைவையோ நம்பக் கூடாது, பூட்டின் அமைப்பே காக்க வேண்டும்.

அப்போது மகனின் நண்பர் ஒருவர் சொன்னதுதான் ஓப்பன் பேக் ஹெட்போன். பின்புறம் திறந்தது. ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய தகடு அதிரும்போது காதின் பக்கமும் ஓசை எழும். அதற்கு எதிர்ப்புறமும் எழும். வழக்கமான ஹெட்போனில் அந்த எதிர்ப்புறத்தைக் கெட்டியான கிண்ணத்தால் மூடிவிடுகிறார்கள். ஓப்பன் பேக்கில் அந்த இடத்தில் வெறும் வலைதான். காற்றும் ஓசையும் தாராளமாகப் போய்வரும். அதனால் வெளியே நடப்பது காதில் விழும். நாம் கேட்பதும் சிறிது வெளியே கசியும். பேருந்திலும் அலுவலகத்திலும் இது குறை. தனி அறையில் இதுவே குணம். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற பெயரில், நுரைப்பஞ்சு வைத்து, இந்த வகையில் முதல் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் பொருள்தான், எனக்குத்தான் தெரியவில்லை.

இதன் இசைச் சிறப்பும் தனி. மூடிய ஹெட்போனில் பாட்டு, குடத்துக்குள் தலையை விட்டுக் கேட்பது போல மண்டைக்குள்ளேயே சுற்றும். திறந்ததில் நூற்றுக்கால் மண்டபத்தில் சற்றுத் தள்ளி அமர்ந்து கேட்பது போல இருக்கும். வயலின் ஒருபுறம், மிருதங்கம் ஒருபுறம் என்று இடம் பிரிந்து தெரியும். அடித்தொனியின் அதிரடி குறைவு. சினிமாப் பாட்டுக்கு அது குறையாகப் படலாம். நமக்கு வேண்டியது தம்பூராவும் குரலுமே. காதில் வேர்ப்பதும் குறைவு.

மகன் இணையத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னான். காதில் மாட்டிப் பார்க்காமல் வாங்க மனம் ஒப்பவில்லை. தை பிறந்ததும் ஒரு நாள் மைத்துனியை வீட்டில் துணைக்கு வைத்துவிட்டு, ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை பேருந்து, அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி கே.ஆர். மார்க்கெட் என்று போய் எஸ்.பி. ரோட்டில் இறங்கினேன். துணிப்பையில் மூன்று பொருள்கள்: என் கைப்பேசி, மூக்குக்கண்ணாடிக் கூடு, வெண்கல மணி. மணிக்குப் பதில் அன்றைக்கு மட்டும் வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும் வைத்திருந்தேன்.

அங்கே சில கடைகளில் மாட்டிப் பார்க்க விடுகிறார்கள். முதல் கடையில் கன்னடமும் தமிழும் கலந்து பேசிய இளைஞர், 'சார், பேஸ் பாருங்க' என்று ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். பற்கள் ஆடின. என் கைப்பேசியில் இருக்கும் பாட்டைத்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். நம் காதுக்குப் பழகிய, சொல்லுக்குச் சொல் தெரிந்த பாட்டைக் கொண்டுதான் கருவியைச் சோதிக்க வேண்டும். நகையை உரைக்கச் சொந்த உரைகல் வேண்டும் அல்லவா?

பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவில் என்று ஓய்வூதியம் அனுமதித்த வரம்பை வைத்துக்கொண்டேன். அந்த வரம்பில் இருக்கும் நல்ல பெயர்கள் சிலவே. பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோவை முதலில் மாட்டினேன். காதைத் தொடும் துணிமெத்தை அருமை. ஆனால் உச்ச ஒலிகளைச் சற்றுத் தூக்கித் தருவது அதன் சுபாவம்; வயலின் ஊசிபோல இறங்கியது. அதில் பரவலாக விற்பது 250 ஓம் மின்தடை கொண்டது. கைப்பேசியில் நேரே மாட்டினால் ஓசை மெலிந்துதான் வரும், தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இந்த வயதில் பெட்டிக்கு மேல் பெட்டி வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஓம் எண்ணிக்கை ஏறத்தாழ 120-க்குள் இருந்தால் நம் வீட்டுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் போதும் என்பது நான் அறிந்துகொண்டது.

கடைசியில் போட்டி சென்ஹைசரின் இரண்டு வகைகளுக்கு இடையே வந்து நின்றது. எச்.டி. 560எஸ், எச்.டி. 599. முன்னது 120 ஓம். கூட்டாமல் குறைக்காமல், பதிவில் உள்ளதை உள்ளபடி சொல்லும். வசந்தகுமாரி அம்மையாரின் பிருகாக்கள் முத்துமுத்தாக விழுந்தன. பின்னது 50 ஓம். குரலுக்குச் சற்றுக் கதகதப்புச் சேர்த்துத் தரும். நியாயமாகப் பார்த்தால் துல்லியத்துக்கு முன்னதுதான் உயர்ந்தது. என் காதைப்போல் உச்ச ஒலி மங்கிய காதுக்கு அது உதவியும் செய்யும். ஆனால் நாம் கேட்பவை பெரும்பாலும் பழைய ஒலிப்பதிவுகள். அவற்றின் இரைச்சலையும் அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஒரு மணி நேரம் கேட்டால் களைப்பாக இருந்தது.

அதைவிடப் பெரிய காரணம் வயர். 560எஸ்ஸுடன் பெட்டியில் வருவது மூன்று மீட்டர் வயர். 599-க்கு அதே மூன்று மீட்டரோடு, ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த குட்டி வயரும் தருகிறார்கள். வாக்கர் வைத்து நடக்கும் ஒருத்தி இருக்கும் அறையில் மூன்று மீட்டர் வயர் தரையில் கிடப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கியது. இசை வல்லுநர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். நான் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தது வயரின் நீளத்தைப் பார்த்துத்தான்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. மணியை அந்த இளைஞரிடம் கொடுத்து, நான் திரும்பி உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன், தம்பி எட்டடி தள்ளிப்போய் உமக்குத் தோன்றியபோது அடியும் என்றேன். ஒருகணம் விழித்தார். பிறகு காரணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கடையின் மறுகோடிக்குப் போய், இரைச்சலான அந்தக் கடையிலும், மெல்ல இரு முறை அடித்தார். கேட்டது. பாட்டு நிற்கவில்லை, மணியும் கேட்டது. பக்கத்துக் கடைக்காரர் பூஜைக்கு நேரமாயிற்றா என்று எட்டிப் பார்த்தார்.

சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் ஹெட்போன் செருகும் துளையே இல்லை. சார்ஜ் துளையில் மாட்டும் சிறு இணைப்பான் தனியே வாங்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கம்மி நெற்றிப் பொட்டை அழுத்தினால் அரை மணியில் தலைவலி வரும். எடை கால் கிலோவுக்குள் இருப்பது கழுத்துக்கு நல்லது. ஒலி அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு வரம்பு சொல்கிறது: பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மிகாமல் கேட்கலாம். லாரி போகிறது என்று ஓசையைக் கூட்டினால், லாரி போன பிறகு குறைக்க மறந்துவிடுவோம். ஆகவே கூட்டாமலே இருப்பது உத்தமம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அன்பர்கள், ஹெட்போனைக் கழற்றி மார்பின் மேல் தொங்கவிடலாகாது. அதில் காந்தம் இருக்கிறது.

புதியதில் முதன்முதலாகக் கேட்டது பஜகோவிந்தம். எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையாரின் அந்த இசைத்தட்டில் பாட்டுக்கு முன் ராஜாஜியின் குரல் வரும். ஆங்கிலத்தில் முன்னுரை, முதுமை தட்டிய, அவசரமில்லாத குரல். 1878-இல் அவர் பிறந்த தொரப்பள்ளி எங்கள் ஊருக்கு அருகேதான் இருக்கிறது. பலமுறை கேட்ட குரல்தான். ஆனால் இப்போது எதிர்த் திண்ணையில் அமர்ந்து ஒரு பெரியவர் சொல்லக் கேட்பது போல இருந்தது. அடுத்து சுப்ரபாதம். இத்தனை ஆண்டுகளும் அதில் நான் ஒரு குரலைத்தான் கேட்டுவந்தேன். கூடவே ராதா விஸ்வநாதன் அவர்களும் பாடுகிறார் என்பது தெரிந்த செய்தி. ஆனால் இரண்டாவது குரல் முதல் குரலின் நிழல்போல ஒட்டி நடப்பதைக் காதால் கண்டது இப்போதுதான்.

ஓசை கசியும் என்றேன் அல்லவா? கதவு சாத்திய அடுத்த அறையில் மருமகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். ஆனால் அதே அறையில் இருக்கும் மனைவிக்கு? நாற்காலியை எட்டடியிலிருந்து கட்டிலின் அருகுக்கு இழுத்துப் போட்டிருந்தேன். மணி இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று. அவளுக்கு உறக்கம் கெடுமோ என்ற கவலையில் முதல் சில நாள் மிகக் குறைவாகவே வைத்துக் கேட்டேன்.

உடல் தளர்ந்தாலும் அவளுக்குச் செவி கூர்மை. என்னைவிட நூறு மடங்கு. தை மாதக் கடைசியில் ஒரு நாள், திருப்பாவைதான் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி முடிந்த பிறகும் விட்ட இடத்திலிருந்து கேட்டு முடிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். கண் திறந்து பார்த்தபோது போர்வையின் மேல் அவள் இடக்கை விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே கேட்க முடிந்தது: தெருக் குழந்தைகளுக்கு முப்பது பாசுரங்களையும் மனப்பாடம் செய்வித்தவள், ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் ராகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சில் வராத சொல் பாட்டில் வருவதுண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நான் அதைச் செய்து பார்க்க முயன்றதில்லை. இரண்டு ஆண்டுகளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்காமல், நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மணி ஒரு முறை அடித்தது. தண்ணீர் எடுக்க எழுந்தேன். வேண்டாம் என்று கையசைத்தாள். என் காதைக் காட்டி, 'கொஞ்சம்... கூட்டுங்க' என்றாள்.

இரண்டு புள்ளி கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.